சோப்புத் துண்டும் ஆறு மணியும்

"எங்கப்பா கண்ணை நான்தான் அவிச்சேன்னு சொல்றாங்கம்மா" என்றாள் வாசலில் நின்ற பெண். "நான் இல்லைன்னு ஒரு வார்த்தை நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னா போதும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

அவள் குரலில் அழுகை இல்லை. அழுது தீர்த்த பிறகு வரும் வறட்சி இருந்தது.

அந்த வீட்டில் இரண்டு ஓரகத்திகள். அண்ணனுக்கு வாக்கப்பட்டவள் மூத்தவள், தம்பிக்கு வாக்கப்பட்டவள் இளையவள். அண்ணனும் தம்பியும் வருஷத்தில் பாதி நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவார்கள். பெண்டாட்டிகள் இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். மூத்தவள் முப்பது வருஷம் தொழிற்சாலை விபத்துகளை விசாரிக்கும் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். அதிர்ந்து பேச மாட்டாள். இளையவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். யாராவது பிரச்சினை என்று படியேறினால் போதும், ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

இப்போதும் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல தண்ணி குடி. அப்புறம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சொல்லு" என்றாள் மூத்தவள்.

அந்தப் பெண் ஒரு மேஸ்திரியின் மகள். பெரும் பணக்காரர் ஒருவரின் வீட்டுப் பின்பக்கத்தில் ஷெட் போட்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மூன்றை வைத்துப் பராமரித்தார்கள். எஞ்சினைக் குளிர வைக்கும் வேலையில் அவள் அப்பாவுக்கு இணை கிடையாது. ரேடியேட்டரைத் தட்டிப் பார்த்தே எங்கே அடைப்பு என்று சொல்லிவிடுவார். தாய் இல்லாத பெண்ணை மூன்று வருஷமாகத் தன் கூடவே வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்.

"சிவப்பு வண்டியில தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சுட்டிருந்துச்சு. போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் வெளியில ஓட்டிப் பார்த்துட்டு வந்தோம். சாயங்காலம் சரியா ஆறு மணிக்கு எஞ்சினை நிறுத்தினேன். காலையில கசிவை அடைச்சு, தண்ணி ஊத்தி, உள்ள இருக்கற காத்தை எடுக்கணும். அதுவரைக்கும் வண்டியை எடுக்கவே கூடாது. கண்ணாடியில எட்டுன்னு எழுதி என் டிக்கைப் போட்டு, துணி மூடிட்டு வந்துட்டேன்."

"ஆறுக்கு நிறுத்தினா எட்டுன்னு ஏன் எழுதணும்?" இளையவளின் பேனா நின்றது.

"அது எங்கப்பா போட்ட சட்டம். சூடா இருக்கற எஞ்சின்ல தண்ணி மூடியைத் திறந்தா கொதிக்கற தண்ணி பீச்சி அடிக்கும். அதனால எஞ்சினை யார் நிறுத்தினாலும், ரெண்டு மணி நேரம் கூட்டி, மூடியை எப்போ திறக்கலாமோ அந்த நேரத்தைத்தான் சோப்புத் துண்டால கண்ணாடியில எழுதணும். பார்க்கறவன் கணக்குப் போடக் கூடாது. மணியைப் பார்த்தோமா, திறந்தோமான்னு இருக்கணும்பார். கீழே அவங்கவங்க குறி. அப்பாவுக்குப் புள்ளி, டிரைவருக்கு வட்டம், எனக்கு டிக்."

"புதன்கிழமை?"

"அப்பா ரப்பர் வளையம் வாங்கக் கடைக்குப் போனார். நான் எட்டு மணி பஸ்ல கிளம்பி ஒன்பதுக்கு ஷெட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் தூறல். நான் பின்னால ரூம்ல பழைய பம்பைக் கழுவிட்டிருந்தேன். ஒன்பதரைக்கு முன்னாடி அப்பா வந்திருக்கார். நேரா வண்டிகிட்ட போயிட்டார்." அவள் நிறுத்தினாள். "கத்தினார். ஓடி வந்து பார்த்தா முகத்துல தோல் இல்லை."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எஞ்சின் சூடா இருந்துச்சு. எழுத்து பழசா இருந்துச்சாம். கீழே என் டிக். ஷெட்டை முதல்ல திறந்தவ நான். அதனால காலையில நான்தான் எஞ்சினை ஓட விட்டேன், எழுத்தை மாத்த மறந்துட்டேன்னு முடிவு கட்டிட்டாங்க. பெரியவர் வேலையை விட்டு நிறுத்திட்டார், என் மேல புகார் கொடுக்கப் போறாராம். அதெல்லாம் போகட்டும். அப்பாவும் நம்பிட்டார். பதினோரு நாளாச்சு. நான் போய் நின்னா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறார்."

"கண்ணாடியில எழுதியிருந்ததை அப்புறம் நீ பார்த்தியா?"

"இல்லைம்மா. அப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போனவதான். அன்னைக்கே ஷெட்டைப் பூட்டிட்டாங்க."

மூத்தவள் எழுந்து செருப்பை மாட்டினாள். "ஸ்கூட்டரை எடுடி" என்றாள் இளையவளிடம். "நீயும் வாம்மா. கேட்டுக்கு வெளியில நின்னா போதும்."

*

வீட்டுக்காரரை எல்லோரும் பெரியவர் என்றார்கள். மூத்தவளின் பழைய பதவியைக் கேட்டதும் மரியாதையாகவே வரவேற்றார். "விசாரிங்க, தாராளமா விசாரிங்க. அந்தப் பொண்ணோட அலட்சியம் எழுத்துல வந்தா எனக்கும் நல்லதுதான்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். பக்கத்தில் அவருடைய மருமகன் நின்றான். இஸ்திரி கலையாத சட்டை. மாமனார் சிரித்தால் சிரிப்பான், இருமினால் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான். அவனைச் சின்னவர் என்றார்கள்.

"சிவப்பு வண்டியை வீட்டுல யாரெல்லாம் ஓட்டுவீங்க?" என்றாள் மூத்தவள்.

"நான் மட்டும்தான்" என்றார் பெரியவர். "மாப்பிள்ளைக்கு அதுமேல கண்ணு. தொட்டா கல்யாணத்துல கொடுத்த எல்லாத்தையும் திருப்பி வாங்கிடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்." சிரித்தார். சின்னவரும் சிரித்தான்.

ஷெட்டில் வெள்ளை வண்டி, மஞ்சள் வண்டி, சுவரோரமாகச் சிவப்பு. பதினோரு நாளாக யாரும் தொடவில்லை. துணி முன்பக்கம் மட்டும் கண்ணாடி வரை சுருட்டி விடப்பட்டிருந்தது. பின்பாதி மூடியே கிடந்தது. தரையில் தண்ணீர் காய்ந்த பச்சைக் கறை பெரிதாக விரிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு ஒற்றைச் செருப்பு. இளையவள் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று கூட இருந்த டிரைவர் நடந்ததைச் சொன்னான். ஐம்பது வயதுக்காரன், வலது முழங்கையில் கொப்புளம் ஆறிய தழும்பு.

"மேஸ்திரி வந்தாரு. துணியைப் பாதி விலக்கினாரு. கண்ணாடியைப் பார்த்தாரு. ஏதோ முணுமுணுத்தாரு, தலையை ஆட்டிக்கிட்டாரு. அப்புறம் சாவியைப் போட்டு டெம்பரேச்சர் ஊசியைப் பார்த்தாரு. அது அடியில கிடந்துச்சு. முன்னாடி மூடியைத் தூக்கிக் குழாயையும் தொட்டாரு, சில்லுனுதான் இருக்குன்னாரு. அப்புறம்தான் திறந்தாரு."

"மேஸ்திரிக்கு அவ்வளவு அனுபவம். எஞ்சின் சூடு எப்படித் தெரியாமப் போகும்?" இளையவள் கேட்டாள்.

"எஞ்சின் இந்த வண்டியில பின்னால இருக்குங்க. ரேடியேட்டரும் தண்ணி ஊத்தற மூடியும் முன்னால. நடுவுல நீளமான குழாய். குழாய்ல காத்து மாட்டிக்கிச்சுன்னா பின்னால கொதிக்கும், முன்னால சில்லுனு இருக்கும். குழாய் மேல கம்பி பின்னியிருக்கறதால அழுத்திப் பார்த்தாலும் தெரியாது. மூடியைத் திறந்ததும் பின்னால கொதிச்சது மொத்தமா முன்னால பாயும்."

"அப்போ ஊசி?"

"ஊசி பார்க்கறது தண்ணியோட சூட்டை. தண்ணி இறங்கிப் போச்சுன்னா அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எஞ்சின் எரிஞ்சாலும் ஊசி படுத்துத் தூங்கும்."

"நீங்க எங்கே நின்னீங்க?"

"மேஸ்திரிக்கு வலப்பக்கம். டார்ச் பிடிச்சுக்கிட்டு." முழங்கையைக் காட்டினான். "சின்னவர் இடப்பக்கம் நின்னாரு, காபி டம்ளரோட. மேஸ்திரி மூடி மேல கையை வெச்சதும் ரெண்டு அடி பின்னால போனாரு. புண்ணியம் பண்ணவரு, ஒரு சொட்டு மேல படலை."

மூத்தவள் தலையை மட்டும் அசைத்தாள். "அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு யார் யார் வீட்டுல இருந்தீங்க?"

"பெரியவரும் வீட்டம்மாவும் மகளும் முந்தின நாளே வெளியூர் போயிட்டாங்க, பத்து மணிக்குத்தான் வந்தாங்க. நானும் சின்னவரும் இருந்தோம். நான் கேட்டு ரூம்ல படுத்துட்டேன். மழைக்கு இதமா இருந்துச்சு, தூங்கிட்டேங்க."

அவன் வெளியே போனதும் இளையவள் மூத்தவளின் காதருகே வந்தாள். "அக்கா, கண்ணாடியைப் பாருங்க. எட்டுன்னு எழுதினேன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. இங்கே ஆறுன்னு இருக்கு."

கண்ணாடியின் ஓரத்தில் சோப்பு எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது: 6.00. கீழே வால் நீண்ட ஒரு டிக்.

"பாவம், குழம்பிப் போய் நிறுத்தின நேரத்தையே எழுதிட்டாளோ என்னவோ" என்றாள் இளையவள். "இல்லைன்னா இந்த டிரைவர்தான். தூங்கினானாம். கேட்டு ரூம்ல படுக்கறதுக்குக் கட்டிலே இல்லை, நான் பார்த்தேன்."

"கட்டில் இல்லாம மனுஷன் தூங்க மாட்டானா? உன் புருஷன் பஸ்ல நின்னுட்டே தூங்குவான். அதை விடு. எழுத்தை மட்டும் பார்க்காதே, எழுத்துக்கு அடியில பாரு."

இளையவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடி முழுக்கச் செம்மண் தூசி. அந்தத் தூசியில் விசிறியை விரித்தாற்போல வைப்பர் துடைத்த சுத்தமான இடம். எழுத்து அந்தச் சுத்தமான இடத்தில்தான் இருந்தது. விசிறியின் விளிம்பில், தூசியோடு சேர்ந்து, வெள்ளையாக ஏதோ நுரைத்துக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. இளையவள் விரலால் சுரண்டி முகர்ந்தாள்.

"சோப்பு."

"ம். இப்போ சொல்லு, நீதானே கெட்டிக்காரி."

"தூசி செவ்வாய்க்கிழமை ஓட்டினப்போ படிஞ்சது. வைப்பர் ஓடினது அதுக்கப்புறம். முதல்ல ஒரு எழுத்து இருந்திருக்கு. மழையில வைப்பர் அதை நுரையா வழிச்சு ஓரத்துல தள்ளிடுச்சு. அப்புறம் சுத்தமான கண்ணாடி மேல புதுசா எழுதியிருக்காங்க." இளையவள் நிமிர்ந்தாள். "அக்கா, வண்டி மழையில வெளியே போயிருக்கு. ஷெட்டுக்குள்ள மழை ஏது?"

"மழை எத்தனை மணிக்கு?"

"எட்டுல இருந்து ஒன்பதுக்குள்ள. அப்போ அந்தப் பொண்ணு பஸ்ல இருந்தா."

"அவளுக்கு அது போதும். நமக்குப் போதாது." மூத்தவள் முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரையும் கூப்பிடு. கேட்டுல நிக்கற பொண்ணையும். உன் நோட்டுல நாலு தாள் கிழி."

"நோட்டுலயா?" என்றாள் இளையவள் மனசில்லாமல்.

*

வெள்ளை வண்டியின் எஞ்சினை டிரைவரை விட்டு ஓட வைத்து, ஒரு நிமிஷம் கழித்து மூத்தவள் நிறுத்தச் சொன்னாள். பெரியவர், சின்னவர், டிரைவர், மேஸ்திரியின் மகள், நால்வர் கையிலும் ஆளுக்கொரு தாள்.

"சும்மா ஒரு சோதனை. ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கக் கூடாது. இந்த வண்டியை இப்போ நிறுத்தினது நீங்கன்னு வெச்சுக்கங்க. மணி பதினொண்ணு பத்து. கண்ணாடியில என்ன எழுதுவீங்களோ அதைத் தாள்ல எழுதுங்க."

"இதென்ன பள்ளிக்கூடமா?" என்றார் பெரியவர். ஆனால் எழுதினார். சின்னவர் எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்து, பவ்யமாக நீட்டினான்.

மூத்தவள் நான்கு தாளையும் வெள்ளை வண்டியின் மேல் வரிசையாக வைத்தாள். பெரியவர் 1.10. டிரைவர் 1.10, ஒரு வட்டம். மேஸ்திரியின் மகள் 1.10, ஒரு டிக்.

நான்காவது தாளில் 11.10 என்று இருந்தது.

"இந்த ஷெட்டுல கை வெச்ச எல்லாருக்கும் தெரியும், எழுதறது நிறுத்தின நேரம் இல்லை, திறக்கற நேரம்னு" என்றாள் மூத்தவள், நான்காவது தாளின் மேல் விரலை வைத்து. "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு நிறுத்தினா, இவங்க மூணு பேரும் எட்டுன்னுதான் எழுதுவாங்க. கோபத்துல எழுதினாலும், தூக்கக் கலக்கத்துல எழுதினாலும் எட்டுதான், கை பழகின பழக்கம். அந்தக் கண்ணாடியில ஆறுன்னு இருக்கு. ஆறுன்னு எழுத இந்த வீட்டுல ஒருத்தரால மட்டும்தான் முடியும்."

சின்னவரின் முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்த முகமூடி போல. "மாமா, இது என்ன விளையாட்டு? ஒரு நம்பரை வெச்சு..."

"நம்பர் மட்டும் இல்லை" என்றாள் மூத்தவள். குரல் உயரவில்லை. "மாமனார் ஊர்ல இல்லை. டிரைவர் தூங்கறான். எட்டு மணிக்கு வீட்டுல இருந்த சாவியால ஷெட்டைத் திறந்து வண்டியை எடுத்தீங்க. தூறல் வந்துச்சு, வைப்பரைப் போட்டீங்க, எழுத்து போயிடுச்சு. ஊசி அடியில கிடந்ததைப் பார்த்து வண்டி குளிர்ச்சியா இருக்குன்னு மிதிச்சீங்க. ஒன்பதுக்கு முன்னாடி திரும்பி வந்து நிறுத்தறப்போ எஞ்சின் கொதிக்கற சத்தமே உங்களுக்குக் கேட்டிருக்கும். மழை தெரியக் கூடாதுன்னு வண்டியோட உடம்பைத் துடைச்சீங்க, கண்ணாடி ஓரத்தை விட்டுட்டீங்க. எழுத்து இல்லைன்னா மேஸ்திரி கண்டுபிடிச்சிடுவார். ஏதோ ஒரு மணியும் டிக்கும் இருந்ததுன்னு ஞாபகம் இருந்துச்சு. என்ன மணின்னு ஞாபகம் இல்லை. வேலைக்காரங்க எழுதினதை யார் படிப்பா? முந்தின நாள் ஆறு மணிக்கு இந்தப் பொண்ணு வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினதை மாடியில இருந்து பார்த்திருப்பீங்க. ஆறுன்னு எழுதி, வண்டியை மூடிட்டுப் போயிட்டீங்க."

"அது... யாருக்கும் ஒண்ணும் ஆகணும்னு நான் நினைக்கலை" என்றான் சின்னவர்.

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே உறைத்தது.

"மூடிட்டுப் போனது வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் மூத்தவள். "அதுவரைக்கும் இது வெறும் திருட்டுத்தனம். ஆனா ஒன்பதரைக்கு டம்ளரோட வந்து நின்னீங்களே, எதுக்கு? மாட்டிக்குவோமான்னு பார்க்க. மேஸ்திரி மூடி மேல கையை வெச்சதும் ரெண்டு அடி பின்னால போனீங்க. தண்ணி பீச்சினப்புறம் எல்லாரும்தான் விலகுவாங்க. நீங்க அதுக்கு முன்னாடி விலகினீங்க. உள்ளே என்ன இருக்குன்னு அந்த ஷெட்டுல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

ஷெட்டில் எங்கோ ஒரு குழாய் சொட்டியது. இளையவள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"'வேணாம்'னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

சின்னவர் மாமனாரைப் பார்த்தான். "சொன்னா வண்டியை எடுத்தது உங்களுக்குத் தெரிஞ்சிடும், மாமா" என்றான், குழந்தை சாக்குச் சொல்வது போல. "நீங்க என்ன சொல்லியிருந்தீங்க..."

டிரைவர் தன் முழங்கைத் தழும்பைப் பார்த்தான். பிறகு சின்னவரைப் பார்த்தான். "பதினோரு நாளா தினம் என்னைக் கேட்டீங்களே ஐயா, கை எப்படி இருக்குன்னு" என்றான்.

 பெரியவர் மருமகனை அடிக்கப்போகிறார் என்றுதான் இளையவள் நினைத்தாள். மேஸ்திரியின் மகளிடம் ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் மெல்ல நடந்து சிவப்பு வண்டியின் பின்பக்கம் போனார். துணியைத் தூக்கி எஞ்சினை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி இல்லாம எவ்வளவு தூரம் ஓட்டின?" என்றார். "எஞ்சின் ஹெட் சூட்டுல வளைஞ்சிருக்குமே."

மேஸ்திரியின் மகள் குனிந்து, கறையின் நடுவில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மூத்தவள் நான்கு தாளையும் மடித்துப் பையில் வைத்தாள். "இது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகுது. டிரைவர், நீங்களும் வாங்க, பார்த்ததைச் சொல்லணும். புகார் கொடுக்கணும்னு சொன்னீங்களே பெரியவரே, அதை நாங்களே கொடுத்துடறோம். உங்களுக்கு ஏன் சிரமம்?"

*

ஆஸ்பத்திரியில் மேஸ்திரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுவரைப் பார்த்தார் என்பது பேச்சுக்குத்தான். இரண்டு கண்ணிலும் கட்டு. ஒரு கண்ணில் வெளிச்சமாவது தெரியலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொன்றைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மகள் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். மூத்தவள் கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததை முதலில் இருந்து கடைசி வரை சொன்னாள். முடித்த பிறகும் அவர் அசையவில்லை.

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சோம்" என்றாள் இளையவள், தாங்க முடியாமல்.

"ஆறுன்னு இருந்ததை நான் பார்த்தேன்மா" என்றார் அவர்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செவ்வாய்க்கிழமை நானும்தான் வண்டியில இருந்தேன். ஆறுக்கு நிறுத்தினது எனக்குத் தெரியாதா? எட்டுன்னு இருக்கணும். ஆறுன்னு இருந்துச்சு. மூணு வருஷம் சொல்லிக் கொடுத்தும் தப்பா எழுதியிருக்கா பாரு, வரட்டும், நாலு பேர் முன்னாடி வெச்சுத் திட்டறேன்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டேன்." உதட்டுத் தோல் வெடித்திருந்ததால் ஒவ்வொரு சொல்லும் மெதுவாக வந்தது. "என் பொண்ணு அப்படி எழுத மாட்டாளே, அப்போ எழுதினது யாருன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருந்தா மூடியில கை வெச்சிருக்க மாட்டேன். யோசிக்கலை. அவளைத் திட்டறதுதான் எனக்கு முதல்ல ஞாபகம் வந்துச்சு."

"அதனாலதான் அவகிட்ட பேசலையா?" என்றாள் மூத்தவள்.

"அவ தப்புன்னே வெச்சுக்கிட்டா என் தப்பைப் பத்தி நினைக்க வேண்டியதில்லை பாருங்க."

 இந்த மனிதருக்காக இரக்கப்படுவதா, பதினோரு நாள் கதவோரம் நின்ற பெண்ணுக்காக இவரிடம் கோபப்படுவதா என்று இளையவளுக்குத் தெரியவில்லை. கதவு திறந்தே கிடந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். மகள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அவள் உள்ளே வந்தாள். அந்த ஒற்றைச் செருப்பைக் கட்டிலுக்கு அடியில், இன்னொன்றின் பக்கத்தில், ஜோடியாக வைத்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் கட்டுப்போடாத இடது முன்கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலால் அதில் மெல்ல எழுதினாள். முதலில் ஒரு எட்டு. அதற்குக் கீழே ஒரு டிக்.

மேஸ்திரி முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"வாலு ரொம்ப நீளம்" என்றார் கடைசியில். "எத்தனை தடவை சொல்றது உனக்கு."

"நீங்க திட்டுவீங்கன்னுதான் நீளமாப் போட்டேன்" என்றாள் அவள். கையை விடவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூத்தவள் இளையவளின் தோளைத் தொட்டாள். இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.